ஐசியூவில் நான்கு க்ளெப்சியெல்லா: ஒரே ஸ்ட்ரெயினா என்று எதை வைத்துச் சொல்வது?

பத்து நாளுக்குள் ஒரே ஐசியூவில் நான்கு நோயாளிகளின் இரத்தக் கல்ச்சரில் க்ளெப்சியெல்லா நிமோனியே என்ற பாக்டீரியா வளர்ந்திருக்கிறது. நான்குமே மெரோபெனத்துக்கு மசியாதவை. தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ் லேபுக்கு போன் செய்து கேட்பது ஒரே கேள்விதான்: "நாலும் ஒண்ணா, வேற வேறயா?" ஒரே ஸ்ட்ரெயின் (ஒரே மூலத்திலிருந்து வந்த கிருமி வகை) என்றால் வார்டுக்குள்ளேயே எங்கோ கைமாறுகிறது, கை, சிங்க், வென்டிலேட்டர் குழாய், எண்டோஸ்கோப் என்று தேட வேண்டும். வேறு வேறு என்றால் தேட வேண்டிய இடமே மாறிவிடும்.

பதில் சொல்ல ஏழெட்டு முறைகள் உண்டு. பிசிஆர் மெஷினும் ஜெல் டேங்கும் மட்டும் உள்ள லேப், அகச்சிவப்பு ஒளியால் கிருமியை அளக்கும் எஃப்டிஐஆர் கருவிக்குக் கொட்டேஷன் வாங்கி வைத்திருக்கும் லேப், மூலையில் பழைய பல்ஸ்டு ஃபீல்டு கருவி தூசி படிந்து நிற்கும் லேப் எல்லாவற்றிலும் எழுகிற குழப்பம் ஒன்றே: எதில் பணம் போடுவது? இங்கே கார்பாபெனம் (மெரோபெனம் உள்ளிட்ட மருந்துக் குடும்பம்) எதிர்ப்புள்ள க்ளெப்சியெல்லாவை முன்னிறுத்திப் பார்க்கிறோம். எம்ஆர்எஸ்ஏ (மெதிசிலினுக்கு மசியாத ஸ்டாஃபைலோகாக்கஸ்), அசினெடோபாக்டர் ஆகிய பிற மருத்துவமனைக் கிருமிகளில் கணக்கு மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறோம்.

## முதலில் ஐசோலேட் கையில் இருக்கிறதா?

எந்த முறையைத் தேர்ந்தாலும் முதல் நோயாளியின் பிளேட் ஆட்டோகிளேவுக்குப் போய்விட்டால் கதை முடிந்தது. கார்பாபெனம் எதிர்ப்புள்ள ஒவ்வொரு ஐசோலேட்டையும் (நோயாளியின் மாதிரியிலிருந்து பிரித்து வளர்த்த கிருமி), பரவல் சந்தேகம் இருக்கிறதோ இல்லையோ, 15–20% கிளிசரால் கலந்த பிராத்தில் −80° செல்சியஸில் எடுத்து வைப்பதை வழக்கமாக்குங்கள். ஒரே காலனியிலிருந்து வளர்த்த தூய கல்ச்சராக இருக்கட்டும். குழாயில் தேதி, வார்டு, படுக்கை எண், மாதிரி வகை இருக்கட்டும். ஆன்டிபயாட்டிக் இல்லாத ஊடகத்தில் திரும்பத் திரும்ப சப்கல்ச்சர் செய்தால் எதிர்ப்பு ஜீனைச் சுமக்கும் பிளாஸ்மிட் (தனியான சிறு டிஎன்ஏ வட்டம்) உதிர்ந்து போகலாம். அதனால் மறுபடி வளர்க்கும்போது மெரோபெனம் டிஸ்க் ஒன்றை வைத்து, அதன் ஓரத்திலிருந்து எடுப்பது நல்லது.

இன்னொன்றையும் பலர் விட்டுவிடுகிறார்கள்: ஒப்பிடுவதற்கான வெளி ஐசோலேட்டுகள். அதே மாதத்தில் வேறு வார்டிலிருந்து, அந்த நால்வரோடு எந்தத் தொடர்பும் இல்லாத இரண்டு மூன்று க்ளெப்சியெல்லா கட்டாயம் வேண்டும். அவை இல்லாமல் "நான்கும் ஒன்று" என்று வரும் பதிலுக்கு எடை கிடையாது. நகரம் முழுக்க அதே வகைதான் ஓடிக்கொண்டிருக்கிறதோ என்னவோ, யார் கண்டது?

## எதை வைத்து எடைபோடுவது

பிரித்தறியும் திறன். தொடர்பில்லாத இரண்டு ஐசோலேட்டுகளை எடுத்தால், அவை வேறு வேறு என்று முறை சொல்வதற்கான வாய்ப்பு எவ்வளவு? இதை சிம்சன் குறியீட்டால் கணக்கிடுவார்கள், 0.95-க்கு மேல் இருந்தால் நல்லது. ஆனால் கிட்டின் கையேட்டில் அச்சிட்ட எண்ணை நம்பி இறங்கக் கூடாது. அந்த எண் உங்கள் ஊரில் எத்தனை வகை ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. இந்திய மருத்துவமனைகளின் கார்பாபெனம் எதிர்ப்பு க்ளெப்சியெல்லாவில் எஸ்டி231, எஸ்டி147, எஸ்டி14 போன்ற சில வகைகளே (எஸ்டி: சில ஜீன்களின் வரிசையை வைத்துத் தரும் வகை எண்) திரும்பத் திரும்ப வருகின்றன. அந்தப் பின்னணியில், எஸ்டி எண் வரை மட்டும் பார்க்கும் முறை பாதி குருடு.

வேகம். வார்டை மூடுவதா, புதிய அட்மிஷனை நிறுத்துவதா என்ற முடிவு இரண்டு மூன்று நாளில் எடுக்கப்பட்டுவிடும். ஆறு வாரம் கழித்து வரும் துல்லியமான பதில் ஆய்வுக் கட்டுரைக்கு உதவும், வார்டுக்கு உதவாது.

ஜீனா, ஸ்ட்ரெயினா? எதிர்ப்பு ஜீன் பிளாஸ்மிட்டில் இருந்தால், பாக்டீரியா மாறினாலும் ஜீன் மட்டும் தாவிப் பரவலாம். 2010இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்டு லான்செட் இன்ஃபெக்‌ஷியஸ் டிசீசஸ் இதழில் வந்த என்டிஎம்-1 (கார்பாபெனத்தை உடைக்கும் நொதி) ஆய்வே இதற்குச் சரியான உதாரணம். சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 என்டிஎம்-1 ஐசோலேட்டுகள் கிடைத்தன. ஹரியானாவின் க்ளெப்சியெல்லாக்கள் ஒரே குளோன் (ஒரே மூலத்தின் நகல்கள்). சென்னை, பிரிட்டன் ஐசோலேட்டுகள் பலவகை. ஜீன் ஒன்றுதான், பரவிய விதம்தான் வேறு. ஸ்ட்ரெயினை மட்டும் பார்க்கும் முறை சென்னை நிலைமையில் "பரவல் இல்லை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லலாம்: இன்றைய முடிவை அடுத்த வருட முடிவோடும் பக்கத்து ஊர் லேபோடும் ஒப்பிட முடியுமா, யார் படித்துச் சொல்வது, நான்கு ஐசோலேட்டுக்கு எவ்வளவு, நாற்பதுக்கு எவ்வளவு.

## ஆன்டிபயோகிராமும் கார்பாபெனமேஸ் சோதனையும்

எந்த மருந்துக்கு மசியும், எதற்கு மசியாது என்ற பட்டியலான ஆன்டிபயோகிராம்தான் காசில்லாமல் ஏற்கெனவே கையில் இருப்பது. எம்ஐசியில் (வளர்ச்சியைத் தடுக்கும் குறைந்தபட்ச மருந்து அளவு) ஒரு இரட்டிப்புப் படி வித்தியாசம் (16-க்கும் 32-க்கும்) சோதனையின் வழக்கமான ஊசலாட்டம். அதை வைத்து "வேறு" என்று சொல்லக் கூடாது. எல்லா மருந்துக்கும் எதிர்ப்புள்ள க்ளெப்சியெல்லாவில் எல்லா அறிக்கையும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதை வைத்து "ஒன்று" என்றும் சொல்ல முடியாது.

கொஞ்சம் கூடுதலாக உதவுவது, கேபிசி, என்டிஎம், விம், இம்ப், ஓஎக்ஸ்ஏ-48 வகை கார்பாபெனமேஸ் (கார்பாபெனத்தை உடைக்கும்) நொதிகளைக் கால் மணி நேரத்தில் காட்டும் லேட்டரல் ஃப்ளோ பட்டை. ஒருவருக்கு என்டிஎம் மட்டும், இன்னொருவருக்கு ஓஎக்ஸ்ஏ-48 வகை மட்டும் என்றால் வேறு வேறாக இருக்க வாய்ப்பு அதிகம். உறுதி இல்லை, பிளாஸ்மிட் வரும் போகும். ஆனாலும் அன்றைக்கே வார்டுக்குச் சொல்ல ஒரு தகவல் கிடைத்துவிடும்.

## எரிக்-பிசிஆர்

சிறிய லேபின் உண்மையான தேர்வு இதுதான். என்டெரோபாக்டீரியாக்களின் ஜீனோமில் சிதறிக் கிடக்கும், எரிக் என்ற திரும்பத் திரும்ப வரும் டிஎன்ஏ வரிசைகளுக்கு இடையே உள்ள துண்டுகளைப் பெருக்கி, பட்டை வரிசையை ஒப்பிடுகிறோம். தேவை சாதாரண பிசிஆர் மெஷின், இரண்டு பிரைமர், ஜெல். காலையில் தொடங்கினால் இரவுக்குள் படம் கிடைக்கும்.

மூல முறையில் பிரைமர் ஒட்டும் வெப்பநிலை 52°, நீட்சி 65°இல் 8 நிமிடம், 30 சுற்று. நேரத்தை மிச்சப்படுத்த நீட்சியை ஒரு நிமிடமாக்கினால் பெரிய துண்டுகள் காணாமல் போகும். இந்த முறையில் சறுக்கல் பெரும்பாலும் டிஎன்ஏ அளவில்தான். ஒரு குழாயில் 100 நானோகிராம், அடுத்ததில் 10 என்றால் மங்கலான பட்டைகள் ஒன்றில் தெரியும், மற்றதில் தெரியாது. ஒரே ஸ்ட்ரெயின் இரண்டாகத் தோன்றும். கொதிக்க வைத்து எடுத்த டிஎன்ஏவையும் ஸ்பின் காலம் (column) கிட்டில் எடுத்ததையும் ஒரே ஜெல்லில் கலக்காதீர்கள்.

- எல்லா ஐசோலேட்டையும் ஒரே நாளில், ஒரே மாஸ்டர் மிக்ஸில், ஒரே மெஷினில், ஒரே ஜெல்லில் ஓட்டுங்கள். டாக் பாலிமரேஸின் பேட்ச் மாறினாலே பட்டை வரிசை மாறும்.
- ஒரு ஐசோலேட்டை இரண்டு தனி டிஎன்ஏ எடுப்பாக இரண்டு குழியில் போடுங்கள். அந்த இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அந்த ஜெல்லையே படிக்க வேண்டாம்.
- தொடர்பில்லாத இரண்டு மூன்று வெளி ஐசோலேட், ஒரு வெற்றுக் கட்டுப்பாடு, இரு ஓரத்திலும் நடுவிலும் லேடர் (அளவு தெரிந்த துண்டுகளின் ஒப்பீட்டுப் பட்டை).
- 1.5–2% அகரோஸ், நீளமான ஜெல், குறைந்த வோல்ட். மினி ஜெல்லில் அரை மணி நேரத்தில் ஓட்டினால் எல்லாம் ஒன்று போலத்தான் தெரியும்.

இதன் வரம்பு தெளிவானது. போன மாத ஜெல்லை இந்த மாத ஜெல்லோடு ஒப்பிட முடியாது. "வேறு" என்ற பதில், பிரதிக் குழிகள் ஒத்திருந்தால், ஓரளவு நம்பகமானது. "ஒன்று" என்ற பதில் சந்தேகத்தை வலுப்படுத்தும், அவ்வளவே. எம்ஆர்எஸ்ஏவில் எரிக் வரிசைகளே கிடையாது. பட்டை வந்தாலும் அது தற்செயல் பெருக்கம்தான். அங்கே ஸ்பா டைப்பிங் (ஸ்பா என்ற ஜீனின் வரிசையைப் படிப்பது) சிறந்தது.

## பல்ஸ்டு ஃபீல்டு ஜெல்

டிஎன்ஏவைப் பெரிய துண்டுகளாக வெட்டி, திசை மாறி மாறிப் பாயும் மின்சாரத்தால் ஜெல்லில் பிரிக்கும் இது, 1984இல் ஷ்வார்ட்ஸும் கேன்டரும் அறிமுகப்படுத்திய நுட்பம். பல ஆண்டுகள் இதுதான் பொன் அளவுகோல். உணவுவழி நோய்ப் பரவலைக் கண்காணிக்கும் அமெரிக்காவின் பல்ஸ்நெட் வலைப்பின்னல் 1996இல் இதை நம்பித் தொடங்கி, 2019இல் முழு ஜீனோமுக்கு மாறியது. அந்த மாற்றத்தோடு இந்த முறையின் கருவி, மென்பொருள், பயிற்சி எல்லாவற்றுக்குமான ஆதரவும் தேய்ந்துவருகிறது. ஆகவே சுருக்கமான தீர்ப்பு: இருந்தால் ஓட்டுங்கள், புதிதாக வாங்காதீர்கள்.

ஓட்டுபவர்களுக்குச் சில விவரம். பாக்டீரியாவை அகரோஸ் பிளக்கில் பதித்து, புரோட்டினேஸ் கே கலந்த கரைசலில் 54–55°இல் இரண்டு மணி நேரம் உடைத்து, நீரிலும் டிஇ பஃபரிலும் பலமுறை கழுவி, வெட்டு நொதி போட்டு, 14°இல் 0.5 மடங்கு டிபிஇ பஃபரில், செ.மீ.க்கு 6 வோல்ட், 120° கோணத்தில் 18 மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். க்ளெப்சியெல்லாவுக்கு எக்ஸ்பிஏ-1, சூடோமோனாஸுக்கு எஸ்பிஇ-1, அசினெடோபாக்டருக்கு ஏபிஏ-1, எம்ஆர்எஸ்ஏவுக்கு எஸ்எம்ஏ-1.

பிளக்கைச் சரியாகக் கழுவாவிட்டால் மிச்சமுள்ள புரோட்டினேஸ் வெட்டு நொதியையே தின்றுவிடும். பாதி வெட்டப்பட்ட துண்டுகள் பேய்ப் பட்டைகளாக நிற்கும். எஸ்எம்ஏ-1-ஐ வழக்கம்போல 37°இல் வைத்தால் சரியாக வெட்டாது, அதற்கு 25° வேண்டும். எம்ஆர்எஸ்ஏ செல்சுவருக்கு லைசோஸைம் போதாது, லைசோஸ்டாஃபின் தேவை. கால்நடை வழி எம்ஆர்எஸ்ஏவான எஸ்டி398-ஐ எஸ்எம்ஏ-1 வெட்டவே வெட்டாது. குழி முழுக்கப் பட்டையே இல்லாமல் இழுவையாக மட்டும் வந்தால், சில ஸ்ட்ரெயின்களின் டிஎன்ஏ ட்ரிஸ் பஃபரில் மின்சாரம் பாயும்போது சிதைவதுதான் காரணமாக இருக்கலாம். பஃபரில் 50 மைக்ரோமோலார் தயோயூரியா சேர்த்தால் பெரும்பாலும் சரியாகும். இரவு முழுக்க ஓடும் கருவிக்கு யுபிஎஸ் இல்லையென்றால் காலையில் நிலைமை என்னவென்று சொல்லத் தேவையில்லை.

முடிவைப் படிக்க 1995ஆம் ஆண்டின் டெனோவர் விதிகளையே இன்னும் பலர் சொல்கிறார்கள்: பட்டை வித்தியாசம் இல்லையென்றால் பிரிக்க முடியாதது, 2–3 என்றால் நெருங்கிய உறவு, 4–6 என்றால் உறவு இருக்கலாம், 7 அல்லது அதற்கு மேல் என்றால் வேறு. இந்த விதிகள் சில மாதங்களுக்குள் நடந்த பரவலுக்கு, குறைந்தது பத்துப் பட்டை தரும் நொதிக்கு என்று எழுதப்பட்டவை. இரண்டு வருட ஐசோலேட்டுகளைக் கலந்து போட்டு இந்த விதியால் அளப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

## எம்எல்எஸ்டி, ஸ்பா

ஏழு வீட்டுப் பராமரிப்பு ஜீன்களின் வரிசையைப் படித்து ஒரு எண் தரும் முறை எம்எல்எஸ்டி. 1998இல் மெனிங்கோகாக்கஸில் தொடங்கியது. இதன் பெருமை பெயர்: எஸ்டி258 என்றால் நியூயார்க்கிலும் மதுரையிலும் ஒரே பொருள். ஆனால் ஏழு ஜீன்களை இருபக்கமும் படிக்க ஒரு ஐசோலேட்டுக்கு 14 சாங்கர் ரியாக்‌ஷன். நான்கு பேருக்கு 56. இவ்வளவு செலவழித்துக் கிடைப்பது "எல்லாம் எஸ்டி231" என்ற பதில்தான் என்றால், வார்டுக்கு அதனால் என்ன பயன்? பரவலைத் தீர்மானிக்க இன்று இதைத் தனியாகச் செய்ய வேண்டியதில்லை. முழு ஜீனோம் செய்தால் எஸ்டி எண் இலவசமாகவே வந்துவிடும். அசினெடோபாக்டரில் ஆக்ஸ்ஃபோர்டு, பாஸ்டர் என இரண்டு திட்டங்கள் இருப்பதால், எந்தத் திட்டத்தின் எண் என்று எழுதாத அறிக்கை குழப்பத்தைத்தான் கூட்டும்.

ஸ்பா டைப்பிங்குக்கு ஒரே ஒரு பிசிஆர், ஒரே ஒரு சீக்வென்ஸ். எம்ஆர்எஸ்ஏவை விரைவாக முதல் சல்லடை போட மலிவான வழி. ஆனால் டி032, டி657 போல ஒரு வகையே ஊரெங்கும் பரவியிருந்தால் இதுவும் அதே சுவரில் முட்டும்.

## எஃப்டிஐஆர்

காலனியை ஆல்கஹாலில் கலக்கி, சிலிக்கான் தட்டில் புள்ளி வைத்து உலர்த்தி, அகச்சிவப்பு ஒளியை எந்த அளவு உறிஞ்சுகிறது என்று பார்க்கிறோம். செ.மீ.க்கு 1300–800 அலை எண் பகுதியில் சர்க்கரைச் சங்கிலிகளின் கையொப்பம் இருக்கிறது. க்ளெப்சியெல்லாவின் தடித்த கேப்சூல் சர்க்கரையால் ஆனது என்பதால் இந்த இனத்தில் இது நன்றாக வேலை செய்கிறது. காலனி கைக்கு வந்து அரை நாளுக்குள் பதில். ஒரு மாதிரிக்கான ரியேஜென்ட் செலவு மிகக் குறைவு.

மறைந்திருக்கும் செலவு கருவியின் விலை மட்டுமல்ல. ஊடகத்தின் பேட்ச், வளர்த்த நேரம் (24 மணி நேரம் என்றால் 24 தான், 30 அல்ல), அகர் எவ்வளவு காய்ந்திருக்கிறது, எல்லாமே ஸ்பெக்ட்ரத்தை நகர்த்தும். ஒவ்வொரு ஐசோலேட்டையும் தனித்தனிக் கல்ச்சராக மூன்று முறை, ஒவ்வொன்றிலும் சில புள்ளிகள் என்று செய்தால்தான் கிளஸ்டரை நம்பலாம். எவ்வளவு வித்தியாசம் வரை ஒன்று எனக் கொள்ளலாம் என்ற எல்லையை உங்கள் சொந்த ஐசோலேட்டுகளை வைத்து, ஜீனோமோடு ஒப்பிட்டு, நீங்களே நிர்ணயிக்க வேண்டும். அந்தச் சரிபார்ப்பு இல்லாமல் வாங்கிய கருவி காட்சிப் பொருள். கேப்சூல் வகை ஒன்றாக இருக்கும் இரண்டு வெவ்வேறு எஸ்டிகள் ஒரே கிளஸ்டரில் விழலாம் என்பதையும் மறக்கக் கூடாது.

மாதந்தோறும் நாற்பது ஐம்பது எதிர்ப்பு ஐசோலேட் வரும் பெரிய மருத்துவமனைக்கு இது அருமையான சல்லடை. மாதம் ஐந்து வரும் இடத்துக்கு வேண்டாம்.

## முழு ஜீனோம் சீக்வென்சிங்

இதன் ஆற்றலைக் காட்டியது 2011இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் மருத்துவமனையில் நடந்த கேபிசி க்ளெப்சியெல்லா பரவல். ஜூனில் சேர்ந்த முதல் நோயாளி ஜூலையில் வீடு திரும்பினார். மூன்று வாரம் கழித்தே இரண்டாமவரிடம் கிருமி தென்பட்டது. இடைவெளியைப் பார்த்தால் தொடர்பில்லை என்றே தோன்றும். அங்கும் எஸ்டி258, அப்போது அமெரிக்காவில் பரவலாக இருந்த வகை என்பதால் பழைய முறைகளின் "ஒன்று" என்ற பதிலுக்கு மதிப்பில்லை. கடைசியில் 18 பேருக்குத் தொற்றியது, 11 பேர் இறந்தனர், அதில் ஆறு இறப்புகளுக்கு இந்தத் தொற்றே காரணம். ஜீனோமின் ஒற்றை எழுத்து வித்தியாசங்கள்தான், எல்லாம் அந்த முதல் நோயாளியிடமிருந்து கிளம்பியவை, ஒன்றுக்கு மேற்பட்ட முறை தனித்தனியே கிளம்பியவை என்று காட்டின.

செலவுக் கணக்கு இப்படி. க்ளெப்சியெல்லா ஜீனோம் ஏறத்தாழ 55 லட்சம் எழுத்துகள். 50 மடங்கு ஆழம் (ஒவ்வொரு எழுத்தையும் சராசரியாக 50 முறை படிப்பது) வேண்டுமென்றால் ஒரு ஐசோலேட்டுக்கு 27.5 கோடி. இல்லுமினா நிறுவனத்தின் மைசெக் சீக்வென்சிங் கருவியின் 300 சுழற்சி வி2 கிட் சுமார் 450 கோடி எழுத்துகள் தரும். ஆக ஒரு ஓட்டத்தில் 16 ஐசோலேட். நான்கை மட்டும் ஓட்டினாலும் கிட் விலை அதேதான். வெளியே அனுப்பினால் தாமதமாவதும் இதனால்தான்: ஓட்டம் நிரம்பும்வரை உங்கள் குழாய் காத்திருக்கும். அனுப்புமுன் "எத்தனை நாளில்" என்று கேட்காமல் "ஓட்டம் எப்போது நிரம்பும்" என்று கேளுங்கள்.

நீண்ட டிஎன்ஏ துண்டுகளை ஒரே மூச்சில் படிக்கும் நானோபோர் கருவி இந்தச் சிக்கலை ஓரளவு தீர்க்கிறது. சில ஐசோலேட்டை உடனே ஓட்டலாம், நீண்ட ரீடுகளால் பிளாஸ்மிட்டை முழு வட்டமாகக் காணலாம். இரண்டு எச்சரிக்கை. டிஎன்ஏவில் மெத்தில் குறிகள் உள்ள இடங்களில் பிழையான எழுத்து வந்து, ஒரே ஸ்ட்ரெயின் இரண்டாகத் தெரியக்கூடும். புதிய பேஸ்காலிங் (கருவியின் மின்குறியை எழுத்தாக மாற்றும்) மாடலைப் பயன்படுத்துங்கள், சந்தேகமானால் இல்லுமினாவோடு சரிபாருங்கள். அடுத்தது, ஓஎக்ஸ்ஏ-48 வகையைச் சேர்ந்த ஓஎக்ஸ்ஏ-232 ஜீன் இருப்பது வெறும் ஆறாயிரம் எழுத்துள்ள குட்டி பிளாஸ்மிட்டில். லிகேஷன் கிட்டில் இப்படிப்பட்ட சின்ன வட்டங்கள் தப்பிவிடும். ரேப்பிட் கிட் மேல்.

தரவு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது உறவு மரத்தை அல்ல. அசெம்ப்ளியின் (துண்டுகளைக் கோத்து எடுத்த ஜீனோம்) மொத்த நீளம் 50–60 லட்சத்துக்குள் இருக்கிறதா? 80 லட்சம் என்றால் கலப்படம், அதாவது தூய காலனி எடுக்கவில்லை. பிறகே க்ளெபோரேட், பாத்தோஜென்வாட்ச் போன்ற இலவசக் கருவிகளில் ஏற்றுங்கள். கோப்பின் பெயரில் நோயாளி பெயரோ உள்நோயாளி (ஐபி) எண்ணோ இருக்கக் கூடாது.

எத்தனை வித்தியாசம் வரை "ஒன்று"? கோர் ஜீனோம் எம்எல்எஸ்டியில் (அந்த இனத்துக்குப் பொதுவான ஆயிரக்கணக்கான ஜீன்களை ஒப்பிடும் முறை) ஒரு பரவலான மென்பொருளின் எல்லைகள் க்ளெப்சியெல்லாவுக்கு 15 அல்லீல் (ஜீன் வடிவ) வித்தியாசம், எம்ஆர்எஸ்ஏவுக்கு 24, அசினெடோபாக்டருக்கு 9. ஒற்றை எழுத்து வித்தியாசத்தில், 2019இன் பெரிய ஐரோப்பிய ஆய்வு க்ளெப்சியெல்லாவுக்கு 21 என்றது. இவை வழிகாட்டிகள்தான், தீர்ப்பல்ல. 18 வித்தியாசமும் ஒரே வாரம் பக்கத்துப் படுக்கையும் என்றால் ஒரு பொருள். அதே 18, வேறு நகரம், இரண்டு வருட இடைவெளி என்றால் வேறு பொருள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| முறை | காலனியிலிருந்து பதில் | வலுவான பதில் | மறைந்த செலவு |
|---|---|---|---|
| ஆன்டிபயோகிராம், லேட்டரல் ஃப்ளோ | அன்றே | ஏதுமில்லை. வெறும் குறிப்பு | பொய்யான நிம்மதி |
| எரிக்-பிசிஆர் | 1–2 நாள் | "வேறு" | ஜெல்லுக்கு ஜெல் ஒப்பிட முடியாது |
| பல்ஸ்டு ஃபீல்டு | 3–5 நாள் | குறுகிய காலப் பரவலில் இரண்டும் | ஆள் நேரம், தேய்ந்துவரும் ஆதரவு |
| எம்எல்எஸ்டி | ஒரு வாரத்துக்கு மேல் | "வேறு" | 14 ரியாக்‌ஷன், குறைந்த பயன் |
| ஸ்பா (எம்ஆர்எஸ்ஏ மட்டும்) | 2–3 நாள் | "வேறு" | ஒரே வகை பரவிய ஊரில் பயனில்லை |
| எஃப்டிஐஆர் | அரை நாள் | "வேறு" | கருவி, சரிபார்ப்பு, கட்டுப்பாடான கல்ச்சர் |
| முழு ஜீனோம் | 3 நாள் முதல் பல வாரம் | இரண்டும், பிளாஸ்மிட்டும் | ஓட்டம் நிரம்பக் காத்திருப்பு, படிக்கத் தெரிந்த ஆள் |

## எந்த இடத்துக்கு எது

பிசிஆர் மட்டும் உள்ள மாவட்ட அளவு லேப்: அன்றைக்கே லேட்டரல் ஃப்ளோ, மறுநாள் வெளி ஐசோலேட்டுகளோடு எரிக்-பிசிஆர். வேறு என்று வந்தால் அங்கேயே நிறுத்தலாம், கார்பாபெனமேஸ் ஜீன் எல்லாரிடமும் ஒன்றாக இல்லாதவரை. ஒன்று என்று வந்தாலோ, வெவ்வேறு ஸ்ட்ரெயினில் அதே ஜீன் தலைகாட்டினாலோ, ஐசோலேட்டுகளை ஜீனோமுக்கு அனுப்புங்கள். நான்கையும் அனுப்பக் காசில்லையென்றால் காலத்தால் முதலாவதையும் கடைசியையும் ஒரு வெளி ஐசோலேட்டையும் அனுப்புங்கள்.

ஆண்டு முழுக்க எதிர்ப்புக் கிருமி வந்துகொண்டிருக்கும் பெரிய மருத்துவமனை: எஃப்டிஐஆர் சல்லடை, வாரம் ஒருமுறை நானோபோர் ஓட்டம். இரண்டுக்கும் காசில்லை, ஒன்றுதான் என்றால் எங்கள் ஓட்டு நானோபோருக்கு, ஆனால் தரவைப் படிக்கும் ஆள் நிரந்தரப் பணியில் இருந்தால் மட்டும். கருவி மட்டும் வந்து ஆள் வராவிட்டால், மாநில அளவு மையத்துக்கு ஐசோலேட் அனுப்பும் ஒப்பந்தமே மேல்.

எம்ஆர்எஸ்ஏ மட்டுமே சிக்கலாக உள்ள எலும்பு மருத்துவமனை: ஸ்பா போதும், ஒரே வகை மூன்று பேரிடம் வந்தால் ஜீனோம்.

சிங்க்கிலிருந்து எடுத்த ஐசோலேட் நோயாளியின் ஐசோலேட்டோடு பொருந்தினால் எந்த முறையும், ஜீனோம் உட்பட, திசையைத் தானாகச் சொல்லிவிடாது. சிங்க்கிலிருந்து நோயாளிக்கு வந்ததா, நோயாளியின் கழிவு சிங்க்கில் கொட்டப்பட்டதா என்பதற்கு, நோயாளி சேருவதற்கு முந்தைய தேதியிட்ட சிங்க் மாதிரி ஒன்று −80°இல் இருக்க வேண்டும். ஐசியூ சிங்க்குகளின் வடிகால் வளைவை மாதம் ஒருமுறை துடைத்தெடுத்து, வளர்ந்ததைச் சேமித்து வைக்க ஆகும் செலவு மேலே உள்ள எந்த முறையின் செலவையும்விடக் குறைவு.